ஜெயராணியின் ஹெவி

ஜெயராணி டிராக்டர் ஓட்டும்போது பாதி நேரம் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு வழியில் சரிந்தால் ஊரே உரித்துத் தின்றுவிடும் என்பது அவள் கவலை. ஒரு கை ஸ்டியரிங்கில், கழுத்து டிரெய்லர் பக்கம், வாய் மட்டும் ஓயாது. "இன்னிக்கு ஹெவி வெயிலு. ரோட்டுல ஹெவி கூட்டம். மத்தியானம் ஹெவி சாப்பாடு, அதான் ஹெவி தூக்கமா வருது."

அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாளோ, உப்பைப் போல எல்லாவற்றிலும் போடுகிறாள். உப்புக்கு இருப்பதுபோல் இதற்கும் ஒரு பதம் வைத்திருக்கிறாள். குடையை மடக்கிவிடும் மழைதான் ஹெவி, தூறல் ஆகாது. மீன் குழம்பு ஹெவியாக இருக்கலாம், ரசம் கூடாது. ராபர்ட்டைக் கட்டிக்கொண்ட கதையைக் கேட்டால், "ஹெவி லவ்வு" என்று அவன் எதிரிலேயே சிரிப்பாள். கஷ்டத்தோடு மட்டும் அதைச் சேர்க்கவே மாட்டாள். ஏன் என்று ராபர்ட் ஒருநாள் கேட்டான்.

"கஷ்டத்துக்கு அதப் போட்டுப் பேசுனா, அது நல்லா குந்திக்கும். அப்புறம் எழுந்தே போவாது."

அப்படிப்பட்டவளுக்கு ஆசை வந்ததும் பஸ், லாரி ஓட்டத் தரும் ஹெவி லைசென்ஸ் மேல்தான். கரும்பு அரவை முடிந்தால் டிராக்டர் கொட்டகைக்குப் போய்விடும். வண்டி ஓட்டாத நாளில் ஜெயராணிக்குச் சோறு இறங்காது. கடலூர்க் கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் பஸ் ஒன்று தில்லையம்மாள் என்ற முதலாளியம்மாவிடம் இருக்கிறது. வருஷம் முழுக்க ஓடும் வண்டி. "லைசென்ஸ் வாங்கிட்டு வா, வண்டி உனக்குத்தான். கோட்ட விட்டா வேற ஆளப் போட்ருவேன்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

டெஸ்ட் அன்று அந்த வாய்க்காரி வாயே திறக்கவில்லை. பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர். டிரைவிங் ஸ்கூல் பஸ் நன்றாகத்தான் போனது. வளைவு வந்ததும் பழக்கம் விடுமா? பின்னால் ஒரு டிரெய்லரே வருவதுபோல ரோட்டை அடைத்து அகலமாக ஒதுங்கித் திருப்பினாள். கழுத்தும் தானாகப் பின்னால் போயிற்று.

"பின்னால யாரும்மா?"

"கரும்பு சார்" என்றாள், யோசிக்காமல்.

காலியாகக் கிடந்த சீட்டுகளை அவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கான், பவுடர் போடவா? அதப் பாத்து ரிவர்ஸ் எடு, பாப்போம்."

போச்சு, வண்டி போச்சு என்றுதான் நினைத்தாள். ஆனால் கரும்பு லோடோடு வயல் சந்துக்குள் பின்னோக்கிப் போய்ப் பழகிய கைக்கு இந்த ஒற்றைப் பஸ் எம்மாத்திரம்? கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், கோடு கிழித்தாற்போல் கொண்டுபோய் நிறுத்தினாள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கரும்ப எறக்கி வெச்சிட்டுப் போம்மா. பாஸ்."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற ராபர்ட், "என்னாச்சி? சொல்லேன்" என்று ஓடிவந்தான்.

"ஹெவி..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் சேர்க்க அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. கண் நிறைந்துவிட்டது. ஆபீஸ் வாசலில் அத்தனை பேரும் பார்க்க, ராபர்ட்டை இடுப்போடு சேர்த்துப் பிடித்து அலாக்காகத் தூக்கிவிட்டாள்.