எண்ணெய் தேய்க்காமல் வந்த ஒருத்தி

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோழி கூவும் வேளையில், எங்கள் வேன் தென்காசியை விட்டுப் புறப்பட்டது. பஜாரில் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்த நான்கு குடும்பத்தார் அதில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தோம். எறணாகுளத்தை அடுத்த ஒரு குன்றின் மேல் எழுந்திருந்த பொழுதுபோக்குப் பூங்காவைக் காண்பதே எங்கள் நோக்கம். இது நிகழ்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று அப்பூங்காவை அறியாத பள்ளிப் பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. அன்றோ அது திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் தெருவில் அதனைக் கண்டு வந்தவர் ஒருவரும் இலர்.

அதன் விளம்பரத்தாளில் "செயற்கை அருவி" என்று ஒரு சொல் அச்சாகியிருந்தது. குற்றாலத்திலிருந்து ஐந்தே கிலோமீட்டர் தொலைவில் குடியிருப்பவர்கள், அருவியில் குளிப்பதற்காக இருநூறு கிலோமீட்டர் பயணம் செய்வதை எங்கள் ஓட்டுநர் மாடசாமியால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

"திருநெவேலிக்கே அல்வா கொண்டு போற கதையால்லா இருக்கு அண்ணாச்சி!" என்றார்.

செங்கோட்டையைக் கடந்து புளியரையை எட்டியபோது கிழக்கு வெளுத்தது. அதன்பின் மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறியது. தென்னையும் நெல்வயலும் கீழே நின்றுவிட, ஆரியங்காவில் ரப்பர் மரங்கள் எங்களை வரவேற்றன. என் மனைவி செண்பகம் சன்னலோரத்தில் அமர்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு பெரிய வயர்கூடை இருந்தது. எங்கள் வீட்டார் அனைவருடைய மாற்றுத்துணியும் அதற்குள் இருந்தது.

அக்கூடையைப் பற்றி இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். குற்றாலத்துக்குக் குளிக்கச் செல்லும் எக்கூட்டத்திலும் ஒருவர் கரையில் நிற்பார். மற்றவர்களின் துணி, கைக்கடிகாரம், செருப்பு ஆகியவற்றைக் காப்பது அவர் பொறுப்பு. பெரும்பாலும் இது முறை வைத்து மாறும். எங்கள் குடும்பத்தில் மட்டும் மாறியதில்லை. செண்பகம் சிறுமியாக இருந்தபோது, பழைய குற்றால அருவியில் திடீரென்று நீர் பெருகி அவளை இழுத்துச் சென்றது. யாரோ ஒருவர் சடையைப் பற்றித் தூக்கியதால் பிழைத்தாள். அன்று முதல் அவள் அருவியில் நனைந்ததில்லை. திருமணமான புதிதில் நான் அழைத்துப் பார்த்தேன். "துணிய யாரு பாத்துக்கிடுவா?" என்றாள். அதன்பின் ஒவ்வொரு சீசனிலும் அதே விடைதான் கிடைத்தது. ஆயினும் சாரல் தொடங்கிவிட்டால் போகலாம் என்று முதலில் சொல்பவளும் அவளே. குளிக்க விருப்பமில்லாதவள் அவ்வாறு சொல்லமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளை எப்படியாவது ஒருமுறை நீருக்கு அடியில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையே, உண்மையில், என்னை அவ்வேனில் ஏற்றியது.

புனலூரில் தேநீருக்காக வண்டி நின்றது. தேநீர் மூன்று ரூபாய். அங்கேதான் நாங்கள் பெரும்பிழை ஒன்றைச் செய்தோம். செண்பகத்தின் தங்கை பேச்சியம்மாள், நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்துகொண்டு படியில் நின்றாள்.

"எல்லாரும் தலையக் காட்டுங்க. போன ஒடனே எறங்கிருலாம். அத்தான், நீங்களும் வாங்க. வழுக்கைக்கு ரெண்டு சொட்டு போதும்!"

அருவிக்குச் செல்பவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு செல்வதுதானே எங்கள் வழக்கம்? பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை அனைவரும் தலையிலும் கைகாலிலும் எண்ணெய் வழிய வேனுக்குள் திரும்பினோம். செண்பகம் மட்டும் தலையைக் காட்டவில்லை. குளிக்காதவளுக்கு எண்ணெய் எதற்கு?

பத்து மணியளவில் பூங்காவின் வாயிலை அடைந்தோம். நுழைவுச்சீட்டு வாங்கி, நீர் விளையாட்டுப் பகுதிக்கு ஆவலுடன் விரைந்தோம். அங்கே காவலுக்கு நின்ற மலையாளப் பெண் எங்கள் கூட்டத்தைக் கண்டதும் இரு கைகளையும் விரித்துத் தடுத்தாள். "பாடில்லா, பாடில்லா!" என்றாள்.

பேச்சியம்மாள் முன்னே சென்று, "இங்கன யாரும் பாடலையே தாயி. குளிக்கத்தான வந்திருக்கோம்," என்றாள்.

மாடசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "பாடில்லன்னா கூடாதுன்னு அர்த்தம் மைனி. எண்ணெ தேச்சவுக தண்ணிக்குள்ள எறங்கக் கூடாதாம். குளத்துல எண்ணெ மெதக்குமாம். அந்தா குழாய் இருக்கு, சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டு வரணுமாம்."

"நல்லா இருக்கே! குளிக்கதுக்கு முன்னால குளிச்சிட்டு வரணுமா?"

அப்பெண் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாக நோக்கிக்கொண்டே வந்தாள். செண்பகத்திடம் வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. இவர் மட்டும் நேரே உள்ளே போகலாம் என்று கை காட்டினாள். எங்கள் கூட்டத்திலேயே நீருக்குள் இறங்கத் தகுதி பெற்றவள், நீருக்குள் இறங்காத ஒருத்திதான்!

"நான் குளிக்கலம்மா. துணிக்கு ஆள் வேணும்லா," என்று செண்பகம் கூடையை அணைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கூடையை மெல்ல வாங்கினாள். சுவரோரம் வரிசையாக இருந்த லாக்கர்களில் ஒன்றைத் திறந்து, கூடையை உள்ளே வைத்துப் பூட்டினாள். ரப்பர் வளையத்தில் கோத்திருந்த சாவியை என் மனைவியின் மணிக்கட்டில் வளையல்போல் மாட்டிவிட்டாள். இத்தனை ஆண்டுகளாக நான் விடை காணாத கேள்விக்கு, மொழி தெரியாத ஒருத்தி ஒரு சொல்லும் பேசாமல் விடை அளித்துவிட்டாள். செண்பகம் வெறுங்கையுடன் நின்றாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"போ செண்பகம், சும்மா பாத்துட்டாவது வா," என்றேன். சேலையுடன் இறங்க அனுமதி இல்லை. வாடகைக்குக் கிடைத்த உடையை மாற்றிக்கொண்டு, தன் சேலையை மடித்து அதே லாக்கருக்குள் வைத்தாள்.

நல்லெண்ணெய் எளிதில் போகும் பொருளன்று. கண்ணில் சோப்புடன் நான் போராடி வெளியே வருவதற்கு நெடுநேரமாயிற்று. செயற்கை அருவியின் முன் செண்பகம் ஒரு நடுத்தர வயதினரோடு பேசிக்கொண்டிருந்தாள். தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்! அவர் புளியங்குடிக்காரர், பெயர் முருகையா. எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்கியவர், எலுமிச்சை லாரியிலேயே கேரளத்துக்கு வந்து இவ்வேலையில் அமர்ந்தவர். அருவி நீரை விடுவதும் நிறுத்துவதும் அவர் பணி.

"நிறுத்தச் சொன்னா உடனே நிறுத்துவியளா?" என்று செண்பகம் கேட்டாள்.

"இந்தா பாருங்க யக்கா, இதுதான் சுவிட்சு. நீங்க கையத் தூக்குங்க. நிறுத்திருதேன்."

அவள் சென்று நின்றாள். பாறைபோல் செய்த சிமெண்டுச் சுவரின் உச்சியிலிருந்து நீர் கொட்டியது. மறுகணமே கை உயர்ந்தது. நீர் நின்றது. அருகில் குளித்தவர்கள் முணுமுணுத்தார்கள். மீண்டும் நீர் விழுந்தது. மீண்டும் கை உயர்ந்தது.

"ஏ புளியங்குடியாரே, குழாயடியில கொடம் நெறையதுக்குள்ள இப்படி நிறுத்துனா ஊரே ஏசும்லா!" என்று, ஈரத்தலையுடன் வந்து சேர்ந்த பேச்சியம்மாள் கூவினாள். முருகையா அசையவில்லை. அவர் கண் செண்பகத்தின் கையின் மேலேயே இருந்தது.

மூன்றாம் முறை நீர் விழுந்தது. கை உயரவில்லை. நீண்ட நேரம் கழித்துக் கை உயர்ந்தது; முருகையா சட்டென்று நிறுத்தினார்.

உள்ளிருந்து செண்பகத்தின் குரல் ஓங்கி வந்தது: "ஏன்யா நிறுத்துதிய? நான் முடியைல்லா ஒதுக்குனேன்!"

அப்பூங்காவில் வேறு அதிசயங்களும் உண்டு. குன்றின் மேலேயே அலையடிக்கும் குளம் ஒன்று கட்டியிருந்தார்கள். ஆட்களைத் தலைகீழாகச் சுழற்றும் இயந்திரம் ஒன்றும் இருந்தது; அதில் ஏறி இறங்கிய மாடசாமி, மலைப்பாதையில் இனி மெதுவாகவே ஓட்டுவதாகச் சொன்னார். அவற்றை விரித்து எழுத என்னால் இயலாது. அன்று நான் கண்டது ஒன்றே.

மாலையில் திரும்பும்போது, தென்மலையைக் கடந்ததும் செண்பகம், "நம்ம ஊர்ல நிறுத்த ஆளில்லையே," என்றாள்.

"நிறுத்த ஆளில்லன்னா என்ன யக்கா? தண்ணி கூடுனா போலீஸ்காரவுக விசில் ஊதி வெரட்டத்தான செய்தாவ?" என்றாள் பேச்சியம்மாள். நான் வற்புறுத்தவில்லை.

ஆனியில் சாரல் தொடங்கியது. குற்றாலத்து ஐந்தருவிக்குப் போகலாம் என்று வழக்கம்போல் அவளே சொன்னாள். அன்று காலை நான் அடுக்களைக்குள் நுழைந்தபோது, அவள் எனக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தாள். எதிரே நல்லெண்ணெய்க் கிண்ணம். தன் தலையில் தானே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமின்றி வெளியே வந்துவிட்டேன்.

ஐந்தருவியில், மிளகாய் பஜ்ஜிக் கடைகளைக் கடந்து படியில் இறங்கியதும், வயர்கூடையை என் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்கிடுவியளா?"

"பாத்துக்கிடுதேன்," என்றேன்.

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். எறணாகுளத்து நீர் ஒழுங்கான நீர். அது ஒரே அளவில் விழும், ஒரே அளவில் நிற்கும். எங்கள் நீருக்கு அந்தப் பணிவு கிடையாது. மலையில் பெய்ததைப் பொறுத்து மூலிகை மணத்தோடும் வரும், மண்ணோடும் வரும். இருப்பினும் இங்கே பழகியவர் எவரும் தனியே குளிப்பதில்லை. முன்பின் தெரியாதவரும் வழுக்கும் இடத்தில் கை கொடுப்பார். சடையைப் பற்றித் தூக்கியவரும் அத்தகைய ஒருவர்தானே?

பாதுகாப்புக் கம்பியைப் பற்றியபடி நீருக்குள் மறைந்தாள். சிறிது நேரத்தில் வெண்மையான நீர்த்திரைக்கு நடுவே ஒரு கை உயர்ந்தது. நான் கூடையோடு இரண்டு எட்டு முன்னால் பாய்ந்துவிட்டேன்.

அவள் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து இந்தச் சீசன் வரை துணி காக்கும் பணி என்னுடையதே. முறை மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.