பிரசங்கம் முடிந்ததும் வெளியே போனவன்

சகாயத்துக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் பரவியிருந்தது. அது முந்தின வருஷத்து ஆடி மாதம். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொங்கல் வரைக்கும் பாக்கலாம்பா" என்றார். காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டைக்கு ஆட்டோவை எப்படி ஓட்டி வந்தேன் என்பதே நினைவில் இல்லை. வழியில் கை காட்டியவர்களை ஏற்றினேனா என்பதும் தெரியாது.

என் பெயர் ஏழுமலை. இப்போது ஏழுமலை சூசை. பதினெட்டு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். கோபக்காரன். ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். என் மனைவி சகாயம் தறிக்காரர் வீடுகளுக்கு நெசவு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். அவள் பிறவிக் கத்தோலிக்கப் பெண். நான் அப்படி இல்லை. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் வைத்துத்தான் அவளுக்குத் தாலி கட்டினேன். இருபத்துநான்கு வருஷம் ஓடிவிட்டது. பிள்ளை இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான்.

ஞாயிறுதோறும் அவளை மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஒரு நாளும் போனதில்லை. டாக்டரம்மா அப்படிச் சொன்ன அந்த வாரம்தான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பங்குச் சாமியாரின் அறைக்குள் போனேன்.

"ஃபாதர், நான் உங்க மதத்துல சேந்துடறேன். அவளக் காப்பாத்திக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "சேர்றதுன்னா ஈஸ்டர் வரைக்கும் ஆகும், ஏழுமலை. வாராவாரம் வரணும், கேக்கணும், உங்களையே கொஞ்சம் திரும்பிப் பாக்கணும். ஆனா இது மருந்துச் சீட்டு இல்லைங்க."

"ஈஸ்டர் வரைக்குமா? எல்.எல்.ஆர் போட்டா முப்பது நாள்ல லைசென்சுக்குக் கூப்புடுறான் ஃபாதர்!"

"வண்டி ஓட்ட முப்பது நாள் போதும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஈஸ்டர் பொங்கலுக்கு மூன்று மாதம் கழித்து வருவது. அதுவரை அவள் இருப்பாளா? ஆனாலும் போனேன். வகுப்பில் நானும், கூரத்திலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்சாதியும். சொல்லித் தருபவர் ஸ்டெல்லா டீச்சர். கடவுள் இருக்கிறார் என்றால் சகாயத்துக்கு ஏன் இப்படி என்று வாராவாரம் அவரோடு சண்டை போடுவேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வார். அது எனக்குப் பிடித்திருந்தது.

தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிறு எங்களைத் திருமுழுக்கு என்கிற ஞானஸ்நானத்துக்குத் தயாராகும் ஆயத்த நிலைக்கு ஏற்றுக்கொண்டார்கள். எல்லார் முன்னாலும் டீச்சர் எங்கள் நெற்றி, காது, கண், வாய், தோள், பாதம் எல்லாவற்றிலும் சிலுவை வரைந்தார். என் வாயில் மட்டும் கொஞ்சம் அழுத்தியே வரைந்தார். சகாயத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்த ஞாயிறுதான் கெட்டது. பிரசங்கம் முடிந்தது. சாமியார் எங்கள் மூன்று பேரையும் பெயர் சொல்லி அழைத்து, சமாதானமாகப் போய் வாருங்கள் என்றார். திருமுழுக்கு வாங்காதவர்கள் அதற்கு மேல் பூசையில் இருக்கமாட்டார்களாம். பக்கத்து அறைக்குப் போய், கேட்ட வசனத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். வகுப்பில் முன்பே சொல்லியிருக்கிறார்கள். என் மண்டையில்தான் ஏறவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் தாத்தா நிலமில்லாத கூலி. தேர் வரும் தெருவில் நிற்கக்கூடாது என்று அவரை விரட்டியதை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இங்கேயும் வெளியேதானா? அத்தனை பேர் பார்க்க எழுந்து நடந்தேன். அறைக்குப் போகவில்லை. "ஏழுமலை, நில்லுப்பா" என்று டீச்சர் பின்னாலேயே வந்தார். "எங்க தாத்தாவத் தொரத்தினது போதும் டீச்சர்" என்று கத்திவிட்டு ஆட்டோவைக் கிளப்பிவிட்டேன்.

உள்ளே சகாயம் இருக்கிறாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பாவி நான். ஓடி வெளியே வந்தால், அவள் பஸ் ஸ்டாப்பிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருக்கிறாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லையாம். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன்யா, ஒரு தபா வெளிய போவச் சொன்னதுக்கா இந்தக் குதி குதிக்கிற? நான் இருபத்திநாலு வருசமா நன்மை வாங்காம உக்காந்துக்கினு இருக்கேன். எல்லாரும் எழுந்து வரிசைல போவாங்க. நான் மட்டும் காலை ஒதுக்கி வழி விடுவேன்."

பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை, அந்த நற்கருணையை, நம் பக்கத்தில் நன்மை என்றுதான் சொல்வோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் வாங்கல?"

"நம்ம கல்யாணத்த மாதா கோயில்ல சாமியார் வெச்சு மந்திரிக்கல இல்ல? அப்ப வாங்கக் கூடாது."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? சாமியார் சட்டையைப் புடிச்சிருப்ப."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. இருபத்துநான்கு வருஷம் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருக்கிறேன். நான் சம்மதித்து ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய காரியம். என் வாய்க்குப் பயந்து அவள் பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மறுநாள் தென்னேரிக்கு சவாரி. ஆட்களை இறக்கிவிட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். வாய்விட்டு அழுதேன். எனக்குச் செபம் எதுவும் மனப்பாடமாகத் தெரியாது. "சாமி, குணமாக்குன்னு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போச்சு. ஒண்ணே ஒண்ணு குடு. ஈஸ்டர் வரைக்கும் அவள விட்டு வை. அவ பக்கத்துல நான் உக்காந்து, ரெண்டு பேரும் சேந்து வாங்கணும். அப்புறம் உன் இஷ்டம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். பிரசங்கம் முடிந்ததும் நானே முதலில் எழுந்தேன். அறையில் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இங்க யாரையும் தொரத்தலப்பா. நானும்தான் வாராவாரம் பூசைய விட்டுட்டு உங்களோட வர்றேன், பாத்தியா? அந்த நன்மைக்கு உங்களுக்கு நல்லா பசி எடுக்கட்டும்னுதான்" என்றார். அவர் எங்களுக்காகவே அதிகாலைப் பூசைக்குத் தனியாக வருகிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிஷப்புக்கு எழுதி அனுமதி வாங்கினார். மார்கழியில் ஒரு வேலை நாளில், இரண்டு சாட்சிகளை வைத்து எங்கள் கல்யாணத்தை மந்திரித்தார். சகாயம் அன்றைக்கே நன்மை வாங்கினாள். வாங்கிவிட்டு வந்து முகத்தை மூடிக்கொண்டவள் ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. நான் காலை ஒதுக்கி உட்கார்ந்திருந்தேன்.

பொங்கல் வந்தது, போனது. அவள் இருந்தாள். டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். ஆனால் நான் உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், அது நல்ல நாட்கள் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க வலி. வயிறு வீங்கி, கை கால் குச்சியாகிவிட்டது. "ஈஸ்டர் எப்பய்யா?" என்று கேட்பாள். சொல்வேன். மறுபடி கேட்பாள். நானும் விரலில் எண்ணி எண்ணிச் சொல்வேன்.

ஈஸ்டர் ராத்திரி நடக்கும் பாஸ்கா பூசைக்கு அவளை ஆட்டோவின் பின் சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். கடைசி பெஞ்சில் தலையணை போட்டுச் சாய்த்தோம். திருமுழுக்குக்கு என் தலையில் தண்ணீர் ஊற்றியபோது எனக்கு ஒரு பெரிய ஒளியும் தெரியவில்லை. சட்டை நனைந்து குளிர்ந்தது, அவ்வளவுதான். நனைந்த தலையோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நன்மை கொடுக்கும் நேரம் சாமியார் எங்களிடமே இறங்கி வந்தார். சகாயத்துக்கு அப்போது கஞ்சிகூட இறங்காது. ஒரே அப்பத்தை எடுத்து நகக்கண் அளவு கிள்ளி, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு அவள் வாயில் வைத்தார். மீதியை என் நாக்கில் வைத்தார். அவள் விழுங்க ரொம்பப் பாடுபட்டாள். விழுங்கிவிட்டாள். என் கையைத் தட்டி, "ஆச்சிய்யா" என்றாள்.

பதினோராம் நாள் இறந்துபோனாள்.

நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். அவருக்கு நன்றி. கேட்கவேண்டியதை இருபத்துநான்கு வருஷம் முன்னால் அவளிடம் கேட்டிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் ஸ்டாண்டில் இப்போதெல்லாம் கத்துவது குறைந்துவிட்டது. வாயைத் திறக்கும் முன்னால் டீச்சர் அழுத்திப் போட்ட சிலுவை ஞாபகத்துக்கு வருகிறது. இதை வாசிக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள், அவர் காது கொடுப்பார். அதோடு இன்றைக்கு வீட்டுக்குப் போய், உங்கள் பக்கத்தில் உட்காருகிறவர் எதற்காகக் காலை ஒதுக்கி வழிவிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த வருஷம் புதிதாக நான்கு பேர் ஆயத்த நிலையில் இருக்கிறார்கள். ஸ்டெல்லா டீச்சருக்கு முட்டி வலி. அதனால் நான் அதிகாலைப் பூசைக்குப் போய்விட்டு, மறுபடி வந்து அவர்களோடு உட்காருகிறேன். போன ஞாயிறு சாமியார் பெயர் சொல்லி அனுப்பியதும், அவர்களில் ஒரு பெண் முகம் சிவந்து, "எதுக்குண்ணா எங்கள மட்டும் வெளிய அனுப்பறாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"வாம்மா" என்று எழுந்தேன். "நானும் வர்றேன்."