ஆலமரம் லாரி ஏறாது

நாச்சிமுத்துவை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு ரேஷன் கார்டு. 2003-ஆம் வருடம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு அதை நகல் எடுக்க வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மேல் பித்தான் இல்லாத சட்டை. நகல் எடுத்துக் கொடுத்தேன். மனிதர் போகவில்லை. உள்ளே பெஞ்சில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றார்.

"ஏனுங்க பாய், இது என்னங்க சீட்டு? ராஜா, ராணி ஒன்னையும் காணமே?"

நான் முகமது பாரூக். வயது அப்போது நாற்பது. நாற்பது வயதில் சூயிங்கம் பாக்கெட்டோடு வரும் கார்டை வைத்து விளையாடுகிறவனிடம் விளக்கம் கேட்டால் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கேட்டவர் முகத்தில் கேலி துளியும் இல்லை, உண்மையான ஆசைதான் இருந்தது. உட்காரச் சொன்னேன்.

ஆட்டத்தின் பெயர் ஐவண்ணம். சிவகாசியில் ஏதோ ஓர் அச்சகம் போட்டது. சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை, கருப்பு என்று ஐந்து நிறக் கார்டுகள். ஒவ்வொரு கார்டிலும் வலது பக்கம் இரண்டு எண்கள். மேலே இருப்பது எத்தனையாவது சுற்றில் அதை இறக்கலாம் என்பது. கீழே இருப்பது அதன் வலு. ஆளுக்கு நாற்பது கார்டு, நிறம் கலந்தும் எடுக்கலாம். ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் உயிரை முதலில் தீர்த்தவன் ஜெயித்தான். இவ்வளவுதான். இதற்கு ஊரில் பதினோரு பேர் பைத்தியமாக இருந்தோம். நாச்சிமுத்து பன்னிரண்டாவது.

அவருக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலை. ஒரு கமிஷன் மண்டியில் தரம் பார்ப்பவர். விவசாயி கொண்டுவந்து கொட்டும் காயைப் பார்த்து, எது கேரளா போகும், எது உள்ளூரோடு நிற்கும் என்று சொல்வது அவர் பொறுப்பு. பதின்மூன்று வயதில் மூட்டை தைக்கப் போனவர், நாற்பத்து மூன்று வயதில் மார்க்கெட்டிலேயே நம்பகமான கட்டைவிரல் என்று பெயர் வாங்கியிருந்தார். வெண்டைக்காயை எடுப்பார், கட்டைவிரலால் நுனியை ஒடிப்பார். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்தால் முத்தல். பிஞ்சு லாரி ஏறும், முத்தல் ஏறாது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அந்த விரல் ஒடித்தது. கனவிலும் ஒடிக்கும் என்று அவர் மனைவி சொல்வாராம்.

மார்க்கெட்டுக்குச் சனிக்கிழமை விடுமுறை. அன்று மத்தியானமே பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவார். வீட்டில் முதலில் ஒரு பூகம்பம் நடந்திருக்கிறது. சட்டைப்பையில் கார்டைக் கண்ட மனைவி, சூதாட ஆரம்பித்துவிட்டாரென்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முருங்க, சொர, பொடலங்கா. மார்க்கெட்ல பாக்கறது பத்தாதுன்னு இதையும் வேற பாக்கோணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். இதை நாச்சிமுத்து பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புது செட் வந்தால், அதோடு வரும் பட்டியல் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருவர் கார்டுகளை எடைபோட்டு எழுத வேண்டும். எது நல்லது, எது தண்டம், ஏன். அதை நான் ஜெராக்ஸ் போட்டு விநியோகிப்பேன். நீலம் என் பக்கம். சிவப்பு ஜெஸ்ஸியின் பக்கம். ஜெஸ்ஸி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வயது இருபத்தாறு. எங்களில் யாரையும் அவள் ஜெயிக்க விட்டதில்லை. பச்சை நிறத்தை யாரும் சீந்தவில்லை. மெதுவான நிறம், மரம் வளர்வதற்குள் ஆள் செத்துவிடுவான் என்று எல்லோருக்கும் எண்ணம். 2004 ஜூனில் புது செட் வந்தபோது பச்சையை நாச்சிமுத்துவிடம் தள்ளிவிட்டோம்.

அவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். இருபது பச்சைக் கார்டு. பட்டியல் தாளை வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், வாய்விட்டுப் படித்தார். பின் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'முருங்கை: வலு இரண்டு. இரண்டாம் சுற்றிலேயே வரும். நடுத்தரம்.' 'புடலை: பார்வைக்கு நீளம், ஆட்டத்தில் ஒன்றுமில்லை. உள்ளூர்.' இப்படி வந்துகொண்டிருந்தவர் முதல் இடத்தைச் சுரைக்கொடிக்குக் கொடுத்தார்.

எனக்குப் பேனா நின்றுவிட்டது. சுரைக்கொடியின் வலு பூஜ்யம்.

"கீழ எழுதியிருக்கறதப் படிங்க பாய். 'மேசையிலுள்ள எந்த மரத்திலும் ஏறி அதன் வலுவைப் பெறும்.' எந்த மரத்துலயும்ன்னா அடுத்தவன் மரத்துலயுந்தானுங்க? அவன் பந்தல் போடட்டும், நம்ம சொர காய்க்கட்டும். பிஞ்சுங்க, பாய். லாரி ஏறும்."

கடைசி இடம், இருபதாவது இடம், ஆலமரத்துக்கு. செட்டிலேயே அபூர்வமான கார்டு அது. ஜிகினா வேலைப்பாடு, வலு ஒன்பது. ஊரே பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து அதைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் எழுதச் சொன்னது: 'ஆலமரம். ஆறாம் சுற்று வரை காத்திருக்க வேண்டும். வந்தாலும் எதிராளியின் சுரைக்கொடிக்குப் பந்தல். முத்தல். லாரி ஏறாது.'

தாளின் அடியில் 'பச்சை: ந. நாச்சிமுத்து, ஒட்டன்சத்திரம்' என்று போட்டேன். நகல் சூடாக வெளியே வந்ததும் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். மூட்டையில் மண்டியின் எழுத்துதான் இருக்கும். முப்பது வருடம் அவர் சொன்ன சொல்லை நம்பி லாரிகள் போயின, எந்த மூட்டையிலும் அவர் பெயர் போனதில்லை. "பேரு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போதே பாசம் வந்துவிட்டது, மறைப்பதற்கில்லை.

பக்கத்து ஊர்க் கூட்டங்களுக்கும் சேர்த்து நாற்பது நகல் போனது. நாற்பது பேரும் சிரித்தார்கள். பூஜ்யத்துக்கு முதல் பரிசு, ஒன்பதுக்குக் கடைசிப் பெஞ்சு. என் கடை வாசலில் நின்று தாளை உரக்கப் படித்துச் சிரித்தவனை நான் துரத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை போட்டி. ஜெஸ்ஸி உள்ளே நுழைந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. கைப்பையைத் திறந்து, ஒரு வெள்ளைக் காகித உறையிலிருந்து ஆலமரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஊரில் ஒன்றே ஒன்று. ஜிகினா வெளிச்சத்தில் மின்னியது. கூட்டம் மொய்த்தது.

"அண்ணே, நீங்க கடைசில தள்ளுனீங்களே, அது இதான். நல்லாப் பாத்துக்கங்க. இன்னைக்கு இது உங்க கொடிய என்ன பாடு படுத்துதுன்னும் பாப்போம்."

"குடுங்க அம்மிணி" என்று ஆசையோடு வாங்கினார் நாச்சிமுத்து. திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். கட்டைவிரல் தானாக இடது மூலைக்குப் போனது.

டக்.

"பிஞ்சுங்க" என்றார் திருப்தியாக.

மூலை மேசைமேல் கிடந்தது. நாச்சிமுத்து தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"வேணும்னே ஒடிச்சிட்டீங்க" என்றாள் ஜெஸ்ஸி. "மூல ஒடிஞ்ச கார்ட வச்சு ஆட முடியாது. கட்டுல இருந்தாலும் கையில இருந்தாலும் தனியாத் தெரியும். ரூல் அது. இது இறங்குனா உங்க பேப்பர் பொய்யாயிரும்னு பயம் உங்களுக்கு."

"அம்மிணி, கை பழக்கமுங்க."

"வாய் பிஞ்சுங்குது, பேப்பர் முத்தல்ங்குது. எதத்தான் நம்புறது?"

"பிஞ்சுன்னது அட்டைய. முத்தல்ன்னது ஆட்டத்துலங்க."

யாரோ சிரித்தார்கள். அது இன்னும் மோசம். மார்க்கெட்டில் தன் சொல்லை நம்பி லாரி கிளம்பும் மனிதர், ஒரு ஜெராக்ஸ் கடையில் பொய்யர் என்று நின்றார். காது மடல் சிவந்துவிட்டது. அவர் இனி சனிக்கிழமை வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "ஆலமரம் ஆடியே தீரோணுங்க. அது ஆடாம என் பேப்பரு நிசமா பொய்யான்னு தெரியாது. ஒன்னு மட்டும் ஒடிஞ்சாத்தான அடையாளம்? நாப்பதும் ஒடிஞ்சா ஏதுங்க அடையாளம்?"

ஜெஸ்ஸி தன் சீட்டுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மிச்சம் முப்பத்தொம்போதையுமா?"

"என்ற கைதான ஒடிச்சுது. அதே கை, அதே மூல, அதே அளவு. என்ற கட்டையும் சேத்து ஒடிச்சுப் போடறேன், மனசு ஆறட்டும். ஆட்டத்துல என்ற பேப்பரு தப்புன்னு ஆச்சுன்னா பாய் என் பேர எடுத்துரட்டும். அப்பறம் பச்சைப் பக்கம் உங்குளுது."

அவள் முதல் கார்டை நீட்ட ஒரு நிமிஷம் ஆனது. அதன்பின் எங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை. டக். டக். டக். அளவுகோல் கிடையாது, குறி கிடையாது. வெண்டைக்காய் மார்க்கெட்டே என் கடைக்கு வந்ததுபோல இருந்தது. பத்தாவது கார்டில் ஒருவன் எண்ண ஆரம்பித்தான், இருபதில் எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். நகல் எடுக்க வந்த வாடிக்கையாளர் ஒருவரும் எதற்கென்று கேட்காமலே எங்களோடு எண்ணினார். நாற்பதில் ஜெஸ்ஸிகூட எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டை அடுக்கி மூலையைத் தடவிப் பார்த்தாள். கத்தியால் ஒரே வெட்டாக வெட்டியதுபோல வழவழப்பாக இருந்தது. எது ஆலமரம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாச்சிமுத்து சொன்னபடி தன் கட்டையும் ஒடித்து முடித்தார்.

"சரி, ஆடலாம்" என்றாள் ஜெஸ்ஸி.

ஆட்டம் ஆரம்பித்தது. நாச்சிமுத்து இரண்டாம் சுற்றில் ஒரு முருங்கையை இறக்கினார். ஜெஸ்ஸி காட்டுத்தீ என்ற சிவப்புக் கார்டால் அதைக் கொளுத்தினாள். இன்னொரு முருங்கை, இன்னொரு காட்டுத்தீ. ஐந்தாம் சுற்றுக்குள் அவர் பக்கம் ஒரு மரமும் இல்லை. கையில் மூன்று சுரைக்கொடி, ஏற இடமில்லை.

"ஆறாஞ் சுத்து வரட்டுமுங்க" என்றார் அமைதியாக.

ஆறு வந்தது. ஜெஸ்ஸி ஒரு சின்ன நெருப்புக்கோழியை இறக்கி அவர் உயிரில் இரண்டைக் குறைத்தாள். ஏழு. இன்னொரு கோழி. நான்காவது சுரைக்கொடியும் அவர் கைக்கு வந்தது. ஜெஸ்ஸியின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலமரம் அடியில் எங்கோ புதைந்து கிடக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. அது மட்டும் இறங்கியிருந்தால் நான்கு கொடியும் ஏறி அவளை ஒரே சுற்றில் முடித்திருக்கும். மேலே வா, மேலே வா என்று நான் மனசுக்குள் துஆ செய்தேன். பதினொன்றாம் சுற்றில் கோழிகள் அவர் கடைசி உயிரையும் கொத்தின.

நான்கு பூஜ்யங்களை மேசையில் விரித்து வைத்தார் நாச்சிமுத்து. முதல் பரிசு வாங்கிய நான்கு பூஜ்யங்கள். "பேனா குடுங்க பாய்" என்றார். பெயரை அடிப்பதற்கு. நான் பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கண் கலங்கிவிட்டது.

"இருங்கண்ணே" என்றாள் ஜெஸ்ஸி.

தன் கையில் மிச்சமிருந்த இரண்டு கார்டுகளைத் திருப்பிப் போட்டாள். ஒன்று காட்டுத்தீ. இன்னொன்று மின்னியது.

"மூணாவது சுத்துலயே வந்துருச்சு" என்றாள்.

"அப்பறம் ஏனுங்க அம்மிணி எறக்கல?"

ஜெஸ்ஸி கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். என் கடை ஜெராக்ஸ். பச்சைப் பக்கத்தில் கடைசி வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. "முத்தல்னு போட்டிருந்தீங்களே. எறக்குனா உங்க கொடிக்குப் பந்தல்னு. ஆறாஞ் சுத்துல எறக்கணும்னு கை துடிச்சது. ஆனா உங்க பேப்பர நம்புனேன்."

நாச்சிமுத்து ஆலமரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப நான் தோத்தது என்ற பேப்பராலயாங்க?"

"ஆமாண்ணே. பச்சைப் பக்கத்த நீங்களே வச்சுக்கங்க."

அவருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. துண்டால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பெஞ்சு ஆடியது, நாங்களும் ஆடினோம். சிரித்துக்கொண்டே ஆலமரத்தை ஒருமுறை பார்க்கக் கேட்டார். அவர் கட்டைவிரல் அடுத்த மூலைக்குப் போவதற்குள் ஜெஸ்ஸி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நான்தான் அவரை ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். படியில் கால் வைத்ததுமே கண்டக்டரிடம் ஆரம்பித்துவிட்டார். பஸ் நகரும்போதும் ஜன்னல் வழியே அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "இன்னைக்கு நான் தோத்துட்டனுங்க. எப்படித் தோத்தேன்னு கேளுங்க."