குளிக்க வேண்டாத படம்

பேசும்படம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். மயிலாப்பூரில் குளத்தங்கரைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடியில் நடந்துவந்த வாரப் பத்திரிகையில் எனக்கு வேலை. ஹாஸ்யக் கட்டுரை எழுதத்தான் சேர்ந்தேன். என் கட்டுரைகள் இரண்டைப் படித்த ஆசிரியர், இனி நான் குறுக்கெழுத்துப் போட்டியைக் கவனித்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் போட்டியில் ஒரு விசேஷம் உண்டு. விடைகள் எல்லாம் கலைகளின் வகைகளாக இருக்கும். சங்கீதமானால் பதம், ஜாவளி. இலக்கியமானால் பரணி, உலா. சித்திரம், சினிமா இவற்றிலும் அப்படியே. குறிப்புகளை நான் மெத்தப் படித்தவன் என்ற ஹோதாவில் எழுதிவந்தேன். 'பிரபந்த வகைகளுள் ஒன்று' என்று போடுவேன். பிரபந்தம் தொண்ணூற்றாறு வகை. வாசகர் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பார்? போட்டியில் கலந்துகொள்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அண்ணாவும் அவர் மனைவி மன்னியும் இருந்த வீட்டில்தான் நானும் குடியிருந்தேன். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்த மன்னி, ஜாவளிக்கு என்ன குறிப்பு எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். 'சிருங்கார ரசம் ததும்பும் இசை வடிவம்' என்று பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"பெண் பார்க்க வந்தவா முன்னால பாடக்கூடாததுன்னு எழுதேன்" என்றாள் மன்னி.

நான் பேனாவை மூடி வைத்தேன். அடங்கியிருந்து மரியாதை செய்ய வேண்டிய நேரம் என்று பேனாவுக்கே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு குறிப்புகள் மன்னியுடையவை. கச்சேரி முடிவில் வரும் தில்லானாவுக்கு 'இதைக் கேட்டதும் பெரியவர்கள் செருப்பைத் தேடுவார்கள்' என்றாள். துப்பறியும் நாவலுக்கு 'இதைக் கையில் எடுத்தால் அடுப்பில் பால் பொங்கி வழியும்.' உருவப்படத்துக்கு 'சுவரில் மாட்டியதும் ஆசாமி நல்லவராகிவிடுவார்.' ஒரு கலை என்ன என்று அவள் கேட்பதே இல்லை. அது மனுஷர்களை என்ன செய்கிறது என்று பார்த்தாள். நான் புஸ்தகம் புஸ்தகமாகப் புரட்டியும் எனக்கு எட்டாத சூட்சுமம் அது. இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். யார் எழுதினால் என்ன, வாசகருக்குப் புரிந்தால் சரி, தீபாவளி மலர் வரை பார்க்கலாம் என்றார். மன்னியிடம் இதைச் சொன்னேன். அன்று முதல் அவள் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டாள். அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் குறிப்புகள் எழுதி எழுதி அழித்தாள். கலியாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் தனக்கென்று வேண்டும் என்று நினைத்தது இது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றிற்று.

வினை சினிமா வடிவில் வந்தது. மன்னி சினிமாவே பார்த்ததில்லை. பெண்டுகளை அங்கே அழைத்துப் போவதில்லை என்பது அண்ணாவின் கொள்கை. தான் மட்டும், சமூகத்தின் சீர்கேட்டை ஆராயும் பொருட்டு, ஒரு படம் விடாமல் போய்வருவார். பார்த்துவிட்டு வந்தால் கொல்லைப்புறமாக நுழைந்து, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவார். ஊரார் எல்லாரும் உட்கார்ந்த நாற்காலி அல்லவா? புராணப் படத்துக்கு மட்டும் விலக்கு. சுவாமி தரிசனம் செய்துவிட்டு வந்தால் குளிக்கக்கூடாது, புண்ணியம் போய்விடும் என்பது சாஸ்திரம். திரையில் வந்தாலும் சுவாமி சுவாமிதானே என்பது அண்ணாவின் வியாக்கியானம்.

ஆகவே 'பார்த்துவிட்டு வந்தால் குளிக்க வேண்டாம்' என்று மன்னி எழுதினாள். விடை, புராணப் படம். ஏழு கட்டம். நான் சபாஷ் போட்டு அச்சுக்குக் கொடுத்தேன். எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சரியாக எழுதியிருந்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் திணறிப்போனார்கள். சமூகப் படமும் ஏழு கட்டம், சண்டைப் படமும் ஏழு கட்டம். குறுக்கே வெட்டும் சொற்களையெல்லாம் மூன்றுக்கும் பொதுவான வால் பக்கத்திலேயே நான் கொண்டு நிறுத்தியிருந்தேன். சமூகப் படம் என்று எழுதிய மதுரைக்காரர், கண்ணீரிலேயே குளித்தாகிவிட்டது என்று காரணம் காட்டியிருந்தார். சண்டைப் படக் கோஷ்டி வியர்வையைச் சாட்சிக்கு அழைத்தது.

திருவல்லிக்கேணியிலிருந்து அத்தர்க் கடைக்காரர் ஒருவர் நேரிலேயே வந்தார். வாரம் தவறாமல் போட்டியில் கலந்துகொள்ளும் பாய். மன்னியின் குறிப்புகளை மனப்பாடமாகச் சொல்லி ரசிப்பவர். படியேறி வந்த மூச்சு அடங்கியதும் ஆசிரியரிடம் சொன்னார்:

"படம் பாத்துட்டு வந்தா எங்க வூட்ல சோறு துன்னுட்டுப் படுப்போம் சார். குளிக்கிறதுன்னு ஒரு சங்கதி கீதுன்னு எனக்கு எப்டி தெரியும்? அது தெரிஞ்ச வூட்டுக்காரன் மட்டும் ஜெயிக்கிறதுக்குப் பேரு போட்டியா?"

அவர் போன பிறகு ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "தமிழ்நாடு மயிலாப்பூர் லஸ் முனையோட முடிஞ்சுடறதுன்னு உங்க வீட்டுல நினைப்பா ஓய்?" என்றார். அடுத்த வாரம் ஒரு தடவை பார்ப்பதாகவும், சினிமாக் குறிப்பு பாய்க்குப் புரியாவிட்டால் பழையபடி என் பிரபந்தங்களுக்கே திரும்பிவிடலாம் என்றும் சொன்னார். அதைவிடப் பெரிய மிரட்டல் அவருக்குத் தோன்றவில்லை போலும்.

வீட்டில் சொன்னேன். அண்ணாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மன்னி மோர் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன்னா, நான் சினிமா பார்க்கணும்."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். நல்ல பெண்கள் போகிற இடமா அது என்று தொடங்கிக் கொஞ்ச தூரம் போனார். அவர் முடித்ததும் மன்னி, "நீங்க குளிக்கறதை வச்சுண்டு உலகத்துக்கே குறிப்பு எழுதிட்டேன். தப்பு என்னோடது. கண்ணால பார்த்து எழுதலைன்னா இதை என்கிட்டேர்ந்து எடுத்துடுவா" என்றாள்.

அண்ணா மோர்சாதத்தை நெடுநேரம் பிசைந்தார். பிறகு, சனிக்கிழமை ஏதோ சமூகப் படமாம், சுமாராக இருக்குமாம் என்று இலையிடம் சொன்னார்.

டிராமில் மவுண்ட் ரோடு பக்கம் போனோம். கொட்டகையில் பெண்களுக்குத் தனி இடம். எங்கள் வரிசையிலிருந்து பார்த்தால் மன்னி தெரிந்தாள். திரையில் மாமியார் மருமகளைத் துரத்துகிறாள். மன்னியோ திரும்பி உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டிக்கெட் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தால் முதுகைக் காட்டிண்டு உட்கார்ந்திருக்காளே என்று அண்ணா பொருமினார். மன்னிக்கு ஒரு பக்கம் புர்கா அணிந்த அம்மாள், மறுபக்கம் மீன்காரி மாதிரி ஒருத்தி. இடைவேளைக்குள் மூவரும் தலையை ஒன்றாக வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாமியார் விஷயத்தில் மூவருக்கும் ஏகோபித்த அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும்.

டிராமில் திரும்பும்போதே குறிப்பைச் சொல்லிவிட்டாள். நான் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்: 'இதைப் பார்க்கும்போது நாம் பக்கத்து வீட்டை நினைப்போம், பக்கத்து வீட்டார் நம்மை நினைப்பார்கள்.'

பத்திரிகை வெளியான மறுநாளே பாய் மாடிப்படி ஏறி வந்தார். அவர் பூர்த்தி செய்த தாளை மேஜைமேல் வைத்தார். ஏழு கட்டத்திலும் சமூகப் படம் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"இதை எழுதினது யார் சார்? எங்க பக்கத்து வூட்டுக்காரரா?"

ஆசிரியர் என்னைக் காட்டி, "இவருடைய மன்னி" என்றார். அதில் இருந்த பெருமையைப் பார்த்தால், தான்தான் மன்னியைப் பெற்று வளர்த்தவர் என்று தோன்றும்.

பாய் சட்டைப் பையிலிருந்து சின்ன அத்தர்க் குப்பி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்கு என்று எண்ணிக் கை நீட்டினேன்.

"அம்மாவுக்கு" என்றார்.