கெதியா வெளிக்கிடு

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஞாபகமும் முன்போல இல்லை, முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு, "பாட்டி, நீங்க என்ன வாங்குனீங்க?" என்று கேட்டாள். சப்பாத்தும், அதுதான் ஷூ, ஒரு பிளாஸ்க்கும் என்றேன். அவ்வளவுதானா என்பதுபோலப் பார்த்தாள். அந்த இரண்டையும் வாங்குவதற்குள் என் உயிர் போய்த் திரும்பி வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வேக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை. கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தமிழ்ப் பெண்கள் வேண்டும் என்று ஆள் தேடினார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் பெண் நோயாளிகளிடம் தமிழில் பேசி, என்ன செய்கிறது என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லையாம். அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்குப் பெண்ணை அனுப்பச் சட்டென்று யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால்தான் என் ஐந்தாவது வகுப்பும் செல்லுபடியானது. எங்களோடு இருந்த அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்டவங்க உடம்பத் தொட்டுக் கழுவுற வேலை, ஒரு மாசம் தாங்க மாட்டா, பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பாவோ மறுநாள் என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு என் முன்னால் நடந்தார்.

முதல் மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் சம்பளத்தோடு சொல்வோம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள்.

என்னுடைய குறை என் குரல். பேசுவதற்காகவே எடுக்கப்பட்டவள் நான், ஆனால் எனக்குப் பேச்சு வரவில்லை. வெள்ளைக்கார மேட்ரன் காலையில் வார்டைச் சுற்றி வரும்போது, யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிட்டார்கள் என்று தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் சொல்வது என் காதுக்கே கேட்காது. "ஸ்பீக் அப், ஸ்பீக் அப்" என்பார். இரண்டு வாரத்தில் வார்டுப் பெண்களெல்லாம் அதுதான் என் பெயர் என்று நினைத்து, "ஸ்பீக்கப்பு மிஸி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நர்ஸை மிஸி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

இன்னொன்று, சப்பாத்து. அதுவரை நான் சப்பாத்து போட்டதே இல்லை. ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து ஒரு பழைய ஜோடியைக் கொடுத்திருந்தார்கள். என் காலைவிட இரண்டு விரல் பெரியது. நுனியில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடப்பேன். டொக்கு டொக்கென்று சத்தம் வரும். கடைசிக் கட்டிலில் படுத்திருந்த ஒரு கிழவி, "மிஸி பேசாட்டியும் மிஸி சப்பாத்து நல்லாப் பேசுது" என்பாள். வார்டே சிரிக்கும். எனக்கும் சிரிப்புதான் வரும், ஆனால் துணிக்கடை ராவுத்தர் துணியைக் கிழிப்பதுபோல உள்ளே ஏதோ கிழியும். இவர்கள் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்துபோனது.

எங்களுக்கு மேலே ஒரு பெரிய மிஸி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சேலை கட்டினாலும் யூனிபாரம் போட்டாலும் ஒரு மடிப்புக் கலையாது. தமிழர்தான் என்று தெரியும், ஆனால் வார்டில் மேட்ரனுக்குப் பயந்து எங்களிடம் ஆங்கிலம்தான். அந்த ஒரு மாதத்தில் அவர் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. எஸ் மிஸி, நோ மிஸி, அதோடு சரி.

மாதம் முடிந்தது. மத்தியானம் ஆபீஸில் வரிசையாக நின்று சம்பளம் வாங்கினோம். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். கணக்கு எழுதும் கிராணி ஒரு காகித உறையைக் கொடுத்தார். எவ்வளவு என்று இப்போது ஞாபகமில்லை. வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கக் குரல் வேண்டுமே.

உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடையில் டொக்கு டொக்கென்று வந்தேன். எதிரே பெரிய மிஸி. என் முகத்தைப் பார்த்தார், குனிந்து என் காலைப் பார்த்தார். முதல் தடவையாகத் தமிழில் சொன்னார்.

"உந்தச் சப்பாத்தைக் கழட்டி ஸ்டோரிலை குடுத்திட்டு, கெதியா வெளிக்கிடு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வெளிக்கிடு. வெளியே போ என்கிறார். அதையும் சீக்கிரமாகப் போகச் சொல்கிறார். ஆஸ்பத்திரிச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபிறகு அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஸ்டோரில் சப்பாத்தை வைத்தேன். பஞ்சை மட்டும் எடுத்துவிட்டேன், அடுத்து வருகிறவள் காலுக்குச் சரியாக இருக்கலாம் அல்லவா. அறைக்குப் போய் யூனிபாரத்தை மடித்துக் கட்டில்மேல் வைத்தேன். என் சேலையைக் கட்டிக்கொண்டு, தகரப் பெட்டியில் சாமானை அடுக்கினேன். அழுகை வந்தது, ஆனால் அத்தை முகம் நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. சரியாக ஒரு மாதம். அவள் சொன்ன கணக்குத் தப்பவில்லை.

வெறுங்காலோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அங்கே பெரிய மிஸி பட்டுக் குடையோடு நிற்கிறார். பக்கத்தில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் பெண், என்னைவிட ஒரு வருடம் மூத்தவள். இரண்டு ரிக்‌ஷா நிற்கிறது. அறைத்தோழி பெட்டியைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு லீவுன்னு துணியெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போறியாடி?" என்றாள். தலையை ஆட்டினேன். வேலையை விட்டு நிறுத்திய பெண்ணை ரயில் ஏற்றிவிட இரண்டு பேர் ரிக்‌ஷா வைத்து வருகிறார்களே, எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பெரிய மிஸி முன் ரிக்‌ஷாவில், நானும் தோழியும் பின்னால், பெட்டி என் மடியில். கிள்ளான் கடைத்தெரு வந்தது. அப்போதுதான் ஒரு சீனர் கடை வாசலில் அதைப் பார்த்தேன். நீலப் பூப்போட்ட பிளாஸ்க், வரிசையாகத் தொங்கியது.

அப்பா வேலைக்குப் போகும்போது, டின்பால் டப்பாவில் ஓட்டை போட்டுச் சணல் கட்டி, அதில் காப்பி கொண்டு போவார். பட்டறைக்குப் போய்ச் சேருவதற்குள் அது ஆறிவிடும். ஆறின காப்பியைத்தான் நாள் முழுவதும் குடிப்பார். வார்டில் டாக்டரின் பிளாஸ்க்கை முதல் முதலாகப் பார்த்த அன்றே, முதல் சம்பளம் இதற்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன். இனிமேல் இரண்டாவது சம்பளம் கிடையாது. ரிக்‌ஷா கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். இரண்டு ரிக்‌ஷாவும் நின்றன. எதிரே ரொட்டிக்கடை வைத்திருந்த மாமக்காரர் மாவு வீசுவதை விட்டுவிட்டுப் பார்த்தார். பெரிய மிஸி குடையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்து, "என்ன பிள்ளை?" என்றார்.

ஒரு தடவை வாய் திறந்தபிறகு எனக்கு மூடத் தெரியவில்லை. "மிஸி, ரயிலுக்கு நேரம் இருந்தா எங்கப்பாவுக்கு ஒரு பிளாஸ்க் வாங்கிக்கிறேன். வேலை போச்சுன்னாலும் ஒரு மாசம் ஒழுங்காத்தான் வேலை செஞ்சேன். அந்தச் சப்பாத்து என் காலுக்குப் பெருசு மிஸி, அதான் சத்தம். நான் என்ன செய்யறது?"

பெரிய மிஸிக்கு ஒன்றும் புரியவில்லை. "வேலை போச்சுதோ? ஆர் சொன்னது?"

"நீங்கதான். வெளிக்கிடுன்னு சொன்னீங்க."

அவர் என்னையும் மடியிலிருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நடுத்தெருவில், மடிப்புக் கலையாத அந்தச் சேலையோடு, ரிக்‌ஷா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோழிக்குப் புரிந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். ரிக்‌ஷாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது, அவர்களும் சிரித்தார்கள்.

"விசர்ப் பிள்ளை," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெளிக்கிடு எண்டா, உடுத்திக்கொண்டு புறப்படு எண்டு. கடைக்குப் போக வரச் சொன்னனான். உன்ரை வேலைக்கு டாக்குத்தர் காலமையே கையெழுத்து வைச்சிட்டார். தோட்டத்துப் பொம்பிளையள் உன்னட்டைத்தான் நோய் வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லுதுகளாம். வேறை ஆரிட்டையும் சொல்லாதுகளாம்." பிறகு, "அதுசரி, இவ்வளவு நாளும் இந்தக் குரலை எங்கை வைச்சிருந்தனி?" என்றார்.

விசர் என்றால் பைத்தியம் என்று தோழி காதில் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் விடுதியில் ஒரு வழக்கம். வேலையில் நிலைத்துவிட்ட புதுப் பெண்ணை முதல் சம்பளத்தன்று பெரிய மிஸியே கடைக்குக் கூட்டிப்போய், அவள் காலுக்கு அளவாக வெள்ளைச் சப்பாத்து வாங்க வைப்பார். அவள் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும். இரவல் சப்பாத்தைத் திருப்பிக் கொடுப்பதே நிலைத்துவிட்டதற்கு அடையாளம். எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சப்பாத்துக் கடைச் சீனர் காகிதத்தில் என் காலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். எனக்குக் கூச்சம், காலை இழுத்து இழுத்துக்கொண்டேன். பெரிய மிஸி என் முழங்காலை அமுக்கிப் பிடித்தார். கான்வாஸ் சப்பாத்து, பால் மாதிரி வெள்ளை. பிறகு நீலப்பூ பிளாஸ்க். அதன்பிறகு வழக்கப்படி மற்ற இருவருக்கும் நான் வாங்கிக்கொடுக்க வேண்டுமாம். ஐஸைச் சீவி உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றித் தருவார்களே, அந்த ஐஸ் உருண்டை. பெரிய மிஸி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு உறிஞ்சினார். நாக்கெல்லாம் சிவப்பு. "வார்டிலை ஆருக்கும் சொல்லக்கூடாது" என்றார். இத்தனை வருடம் சொல்லவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

பெட்டியைத் தோழி விடுதிக்குக் கொண்டுபோனாள். நான் புதுச் சப்பாத்தோடு ரயிலேறி வீட்டுக்குப் போனேன். அத்தை பிளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரு குண்டுமணி தங்கம் வாங்கத் தோணல, போத்தல் வாங்கிட்டு வந்திருக்கா" என்றாள். அப்பா மறுநாள் காலையில் அதில் காப்பி ஊற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, லைனில் இருக்கும் எல்லா வீட்டு வாசலையும் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் நேரே அத்தையிடம் போய், மூடியில் ஒரு வாய் காப்பி ஊற்றி நீட்டினார். அதற்காகவே மிச்சம் வைத்திருக்கிறார். லேசாக ஆவி வந்தது.

"குடிச்சுப் பாரு. காலையில போட்டது."

அத்தை குடித்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தோம்.

"சீனி பத்தல" என்றாள். ஆனால் இன்னொரு வாய் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் கடைசிக் கட்டில் கிழவி, இப்போது மிஸி வருவதே தெரிவதில்லை, பழைய சப்பாத்துதான் நன்றாக இருந்தது என்று குறைப்பட்டாள். அதனால் தூரத்திலிருந்தே, "வந்துட்டேன் பாட்டி" என்று குரல் கொடுத்துக்கொண்டு போகப் பழகினேன். மேட்ரனும் ஸ்பீக் அப் சொல்வதை விட்டுவிட்டார். பின்னால் நானும் எத்தனையோ புதுப் பெண்களைக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். வெளிக்கிடு என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் சொல்லிவிடுவேன்.

ஒரு உதவி. பெரிய மிஸி பேசியதை என் காதில் விழுந்தபடிதான் எழுதியிருக்கிறேன். கெதியா என்பதா, கெதியாய் என்பதா, எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தார் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். ஐஸ் பாகு சிவப்பா பச்சையா என்பதையும் கிள்ளானில் இருக்கும் என் அறைத்தோழியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு என்றுதான் எனக்கு ஞாபகம். அவளுக்கு இப்போது காது சரியாகக் கேட்காது, கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும்.