எட்வின் வெட்டாத கூரை

செவ்வாய்க்கிழமை காலை எட்வினின் மகள் போன் செய்தாள். "அங்கிள், அப்பா போய்ட்டாரு" என்றாள். பம்மலில் அவருடைய டிங்கரிங் பட்டறைக்கு வண்டி விட்டவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ஸ்டேஷன் வேகன்களை வகை பிரித்துச் சொல்வது, ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு. பீர்க்கன்கரணையில் ஒருவர் அப்படியொரு வண்டி வைத்திருந்தார். சாதாரண மூடிய கூரை வகைதான், அரிதானதல்ல என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் கூரையை வெட்டித் தன் மகனின் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த காராக்கலாம் என்று, அவர் வண்டியை எட்வினிடம் விட்டார்.

மறுநாளே எட்வின் கூப்பிட்டார். "சார், கட்டர் ரெடியா கீது. மனசு வர்ல. ஒரு தபா வந்து பாருங்க."

"நான்தான் பாத்துட்டேனே, எட்வின்."

"வெளிய பாத்தீங்க. உள்ள?"

நான் உண்மையைச் சொன்னேன். உரிமையாளர் உட்கூரைக்குப் புதுத் துணி போட்டிருந்தார். அதைக் கழற்றச் சொல்லக் கூச்சப்பட்டு, குறிப்பேட்டில் 'மூடிய கூரை' என்று டிக் செய்துவிட்டிருந்தேன்.

"துணியக் கழட்டச் சொல்றதுக்கு இன்னா சார் வெட்கம்? பொண்ணா கேக்கப் போறீங்க?" என்று சிரித்தார்.

நான் போய் நின்றதும் துணியை விலக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு சறுக்குத் தடங்கள் இருந்தன. நகர்த்தித் திறக்கும் கூரை கொண்ட, அரிதான வகை அது. பிற்பாடு யாரோ தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள்.

"ஓனர்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்றேன்.

"நான் சொன்னா வேலைக்கு டபாய்க்கிறேன்னுவாரு. பேப்பர்ல கீறது உங்க கையெழுத்து சார்."

நான் உரிமையாளருக்குப் போன் போட்டுப் பேசி முடிக்கும்வரை எட்வின் பக்கத்திலேயே நின்றார். "கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கு, இப்ப வந்து சொல்றீங்க?" என்று உரிமையாளர் கத்தினார். "தப்பு என்னோடதுதான்" என்றேன். உரிமையாளர் குரலைத் தணித்து, "வெட்ட வேணாம்னு எட்வின்கிட்ட சொல்லுங்க" என்றார்.

எட்வின் டீ வாங்கி வந்து, "முதல்ல இத்தக் குடிங்க சார்" என்றார். அதன்பின் என் தவறைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வண்டி இன்றும் முழுதாக ஓடுகிறது.

இப்போது எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், "உள்துணியைக் கொஞ்சம் கழற்ற முடியுமா?" என்று கேட்கிறேன். குரல் தடுமாறத்தான் செய்கிறது. கேட்டுவிடுகிறேன். அது எட்வின் எனக்குக் கொடுத்தது.