புதன்கிழமை நாலு மணிப் பாட்டு

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் எந்திரங்களுக்கு அடுத்த அறையில் பத்தொன்பது வருஷமாகத் தையல் வேலை பார்த்தவளை எல்லோரும் தையலக்கா என்றே கூப்பிட்டார்கள். தலையணை உறை தைப்பது, கிழிந்த போர்வைக்கு ஒட்டுப் போடுவது, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் பச்சைத் துணிகளுக்கு ஓரம் அடிப்பது எல்லாம் அவள் வேலை.

மிஷினை மிதிக்க ஆரம்பித்தால் அவளுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். பழைய சினிமாப் பாட்டு எதுவானாலும் முழுக்க மனப்பாடம். நடுவில் வரும் வயலினையும் விடமாட்டாள். அதையும் வாயாலேயே வாசித்துவிடுவாள். சுருதி மட்டும் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. ஓரிடத்தில் கிளம்புவாள், இரண்டாவது வரியில் வேறெங்கோ இறங்குவாள், மூன்றாவதில் மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்துகொள்வாள். பக்கத்து அறை எந்திரங்களின் இரைச்சலில் இது வெளியே யாருக்கும் கேட்டதில்லை. வீட்டில் கேட்கும். அவள் தொண்டையைச் செருமினாலே, பஸ் டிரைவரான கணவர், “நீ பாடும்மா, நான் மாடியில துணி காஞ்சிடுச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்” என்று எழுந்துவிடுவார். மனிதருக்குத் துணியின்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவள் பூரித்துப் போவாள்.

ஒரு புதன்கிழமை, விசாரணை மேசைக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலை கிழிந்துவிட்டதென்று அவளை மேலே கூப்பிட்டார்கள். மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஊசியைக் கோத்தாள். அறிவிப்பு செய்கிற பெண் டீ குடிக்கப் போயிருந்தாள்; போகும்போது மைக்கை அணைக்க மறந்திருந்தாள். தையல் ஓட ஓடப் பாட்டும் ஓடியது. நாலு மாடிக்கும் கேட்டது. மூன்று சரணம், வயலின் சகிதம்.

அறிவிப்புப் பெண் டம்ளரும் கையுமாக ஓடி வந்து சுவிட்சைத் தட்டினாள். “அக்கா! ஊர் முழுக்கக் கேட்டுடுச்சு!”

ஐந்து நிமிஷத்தில் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே தையலக்கா போய் நின்றாள்.

“மன்னிச்சிடுங்க சார், தெரியாம…”

“மூணாவது மாடியிலேருந்து போன் வந்துச்சும்மா. ஆபரேஷன் ஆனவங்க வார்டு,” என்றார் அவர், முகத்தை இறுக்கிக்கொண்டு. “இன்னொண்ணு பாடச் சொல்றாங்க.”

அப்படித்தான் புதன்கிழமை தோறும் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் என்று வழக்கமானது. நோயாளியைப் பார்க்க வந்த யாரோ அதைப் போனில் பதிவு செய்து நாலு பேருக்கு அனுப்ப, அந்த நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்ப, இரண்டு மாதத்தில் அவள் குரல் ஊரெங்கும் சுற்றியது. அவளோ தன் பாட்டுக்கு இத்தனை நாள் கழித்து விடிவு வந்ததென்று தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

பஸ்ஸில்தான் அது உடைந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் ஒரே போனில் அவள் பாட்டைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “இவ்வளவு மோசமா பாடறதுக்கும் ஒரு தைரியம் வேணும்டி!” என்றாள் ஒருத்தி. தையலக்கா இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, முகம் கொதிக்க வீட்டுக்கு நடந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். “தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“பாடறப்ப உன் முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? அதான் மாடிக்குப் போயிடுவேன்.”

அவரோடு இரண்டு நாள் பேச்சு இல்லை. அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு அவள் மேலே போகவில்லை. நாலேகாலுக்குத் தையல் அறை வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். மூன்றாவது மாடியில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த பூட்டு ரிப்பேர்க்காரர். ஒரு கை வயிற்றில், மறு கை சுவரில்.

“இன்னைக்குப் பாட்டு இல்லையாம்மா?”

“சிரிக்கத்தானே கேக்கறீங்க?” என்றாள் நிமிராமலே.

“ஆமா,” என்றார் அவர், ஒளிக்காமல். “வயித்துல பதினாலு தையல். சிரிச்சா உயிர் போகுது. அப்படியும் மூணு மணியிலேருந்தே எல்லாரும் தலையணையை வயித்துல அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். நீ அடுத்த வரியில எங்க போய் நிப்பேன்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பத்து நிமிஷம் எனக்கு ஆஸ்பத்திரியே மறந்து போயிடுதும்மா.”

அவள் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். “அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“மோசம்தான். ஆனா அரைகுறையா இல்ல. முழு மனசா மோசம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெரியவரும் சிரித்தார், சிரித்துவிட்டு, “ஐயோ அம்மா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவரைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போய்ப் படுக்கவைத்துவிட்டு, தையலக்கா நேரே விசாரணை மேசைக்கு வந்து மைக்கைப் பிடித்தாள். “எனக்குப் பாட வராது. எனக்கே இப்பதான் தெரியும். தையல் போட்டவங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கோங்க,” என்று சொல்லிவிட்டுப் பாடினாள். மேலே நாலு மாடியும் கைதட்டுவது கீழே கேட்டது.

அதற்குப் பிறகு ரேடியோவில் கூப்பிட்டார்கள். பிறகு டவுன் ஹாலில் கச்சேரியே வைத்தார்கள்; முன்னூறு நாற்காலியும் நிரம்பிச் சுவரோரமும் ஆள் நின்றார்கள். கணவர் முதல் வரிசையில், மாடிக்குப் போக வழியில்லாமல், கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

ரேடியோவில் கேட்டு மனம் பொறுக்காத பாட்டு டீச்சர் ஒருத்தி, தானே தேடி வந்து சொல்லிக் கொடுத்தாள். தையலக்காவும் சிரத்தையாகக் கற்றாள். மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை, பல்லவி முழுவதும் சுருதி விலகாமல் வந்துவிட்டது. பாட்டு முடிவதற்குள் மூன்றாவது மாடி நர்ஸிடமிருந்து போன்.

“அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பாடம் அன்றோடு நின்றது, சிநேகம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பாடுவாள், தையலக்கா அவளுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டே கேட்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. புதன்கிழமை மட்டும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் சளி பிடித்துத் தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. காத்திருப்பவர்களை ஏமாற்றக் கூடாதென்று அதோடேயே பாடினாள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று நான்காவது மாடியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.